பெர்ரி பழங்களைக் கழுவிச் சாப்பிடுவோம்

கேமரன் மலை ஸ்ட்ராபெரி, வெளிநாட்டிலிருந்து வரும் புளூபெரி, ராஸ்பெரி போன்ற பழங்கள் இப்போது செமினி வட்டாரக் கடைகளிலும் கிடைக்கின்றன. இவை உடலுக்கு நல்லவை. ஆனால், வாழைப்பழத்தைப் போல் இவற்றை உரித்துச் சாப்பிடுவதில்லை. கீரையைப் போல் வேக வைப்பதும் இல்லை. மண், பாசன நீர், பறித்தவர் கை ஆகியவற்றிலிருந்து ஒட்டிய கிருமிகள் நேரே வயிற்றுக்குள் போகலாம்.

1996ஆம் ஆண்டு, குவாத்தமாலாவில் விளைந்த ராஸ்பெரி பழங்களால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கினால் அவதிப்பட்டனர்.

மூத்தோருக்கு ஏன் கூடுதல் கவனம்?

வயது ஏற ஏற நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது. நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றினால் தலைசுற்றி விழவும் நேரிடலாம்.

கழுவும் முறை

1. முதலில் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
2. பூஞ்சணம் பிடித்த, நசுங்கிய பழங்களை எடுத்து வீசிவிடுங்கள்.
3. பழங்களைச் சுத்தமான துளைக்கூடையில் போட்டு, குழாய் நீரை மெதுவாகத் திறந்து, விரல்களால் புரட்டிக் கழுவுங்கள்.
4. ஸ்ட்ராபெரியின் காம்பைக் கழுவிய பிறகே கிள்ளுங்கள். முன்பே கிள்ளினால் அழுக்கு நீர் உள்ளே இறங்கும்.
5. சுத்தமான துணியில் அல்லது டிஷ்யூ தாளில் ஒற்றி எடுங்கள்.

சாப்பிடும் நேரத்தில், வேண்டிய அளவு மட்டும் கழுவுங்கள். ஈரத்தோடு வைத்தால் பழம் சீக்கிரம் அழுகும். மீதியைக் கழுவாமல் குளிர்சாதனப் பெட்டியில், பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் கீழே வைக்காமல் பாதுகாத்திடுங்கள்.

சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், குளோராக்ஸ் வேண்டவே வேண்டாம். அவை பழத்தினுள் ஊறிவிடும். உப்பு நீரும் வினிகரும் தேவையில்லை. ஒரே பாத்திரத்தில் ஊற வைத்தால், ஒரு பழத்தின் கிருமி மற்றப் பழங்களுக்கும் பரவலாம்.

தண்ணீர் தடைப்பட்டால்?

ஆற்று நீர் தூய்மைக்கேட்டால் சுங்கை செமினி நீர் சுத்திகரிப்பு நிலையம் 2016இலும் 2020இலும் நிறுத்தப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் வாளி நீரில் பழத்தை முக்கி எடுக்காதீர்கள். கொதித்து ஆறிய நீரைக் குவளையால் பழத்தின் மீது ஊற்றிக் கழுவுங்கள். நல்ல நீர் இல்லையென்றால், பழத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கவனத்திற்கு

கழுவுவதால் கிருமிகள் குறையும், முற்றாக நீங்கிவிடாது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும் பச்சையாகச் சாப்பிடலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். இவர்கள் பழத்தைக் கொதிக்க வைத்துச் சாப்பிடுவது பாதுகாப்பானது.

இரண்டு நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தால் உடனே அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். மயக்கம் ஏற்பட்டால் 999 எண்ணுக்கு அழையுங்கள்.