அவர் இப்போது எதற்குப் பயப்படுகிறார்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டீபன் கிங்கின் அடுத்த நாவல் 'டாலிஸ்மேன்' வரிசையின் மூன்றாவது என்று தெரிந்ததிலிருந்து வேறு எதையும் படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு கேள்வி: "எண்பதை நெருங்குகிற மனுஷன் அவர். பழையபடி பயமுறுத்துவாராக்கா?"

ஒரு புத்தகத்துக்காக இப்படித் தவிக்கிற வயது உனக்கு வாய்த்திருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அந்தப் "பழையபடி" என்ற சொல்லை மட்டும் இப்போதே விட்டுவிடு. ஒரு திகில் எழுத்தாளர் ஐம்பது வருஷமாக எழுதுகிறார் என்றால், அவருடைய பயத்துக்கும் வயது ஏறிக்கொண்டேதான் வந்திருக்கும். அவருடைய புதிய நாவலைத் திறக்கும்போது இந்த மனிதர் இன்றைக்கு எதற்குப் பயப்படுகிறார் என்று கேள். உன்னைப் பயமுறுத்துவாரா என்ற கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

அவருடைய முதல் நாவல் 'கேரி' 1974-இல் வந்தபோது கிங்குக்கு வயது 26. அதை எழுதிய நாட்களில் அவர் மெய்ன் மாநிலத்தில் ஹாம்ப்டன் அகாடமி என்ற பள்ளியில் ஆங்கில ஆசிரியர். டிரெய்லர் வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள். கட்டணம் கட்ட முடியாமல் தொலைபேசி இணைப்பையே துண்டித்திருந்தார்கள். அந்த நாவலின் முதல் பக்கங்களை எழுதிப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். மனைவி டபிதாதான் அவற்றை எடுத்துப் படித்துவிட்டு, "மேலே எழுது" என்றார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணைக் கேலி செய்கிற கொடுமைதான் அந்தக் கதையின் பயம். தினமும் வகுப்பறையில் நிற்கிற, கையில் காசில்லாத ஓர் இளைஞன் கண்ணெதிரே பார்க்கிற பயம்.

அதே 1974-இல் கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் என்ற ஊரில், குளிர்காலத்துக்காக மூடப்போகிற ஸ்டான்லி ஹோட்டலில் அவரும் டபிதாவும் ஓர் இரவு தங்கினார்கள். அவர்களைத் தவிர வேறு விருந்தினர் கிடையாது. 'தி ஷைனிங்' அங்கேதான் முளைத்தது. பனியில் அடைபட்ட ஹோட்டல், குடிகார அப்பா, சின்னப் பையன். 1977-இல் அது வெளிவந்தபோது எல்லோரும் ஹோட்டலில் இருந்த பேயைப் பற்றிப் பேசினார்கள். கிங்கே குடிக்கு அடிமையாக இருந்த காலம் அது. அந்தக் கதையில் தன்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தனக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். பிள்ளைகள் மேல் தனக்கு வரும் கோபத்தைக் கண்டு நடுங்குகிற ஓர் அப்பாவின் பயம் அது.

அந்தப் பையனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு வாசகர் கேட்கப்போய், அது மனசில் தங்கி, 36 வருஷம் கழித்து 2013-இல் 'டாக்டர் ஸ்லீப்' வந்தது. நீ அதைப் பாதியில் விட்டுவிட்டாய், 'ஷைனிங்' மாதிரி இல்லை என்றாய். மறுபடி எடு. அந்தப் பையன் வளர்ந்து, அப்பாவைப் போலவே குடித்து, பிறகு குடியை விட்டு, சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறான். இரவில் கடைசி மூச்சு விடுகிற முதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாமல் போய் வாருங்கள் என்று வழியனுப்புகிறான். குடியை விட்டு 20 வருஷத்துக்கு மேல் ஆன, அறுபதைத் தாண்டிய ஒருவரால்தான் அந்தப் பக்கங்களை எழுத முடியும். 'ஷைனிங்' எழுதிய முப்பது வயதுக்காரருக்கு அவை வந்திருக்காது. அவற்றில் வாசகன் திடுக்கிடுவது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். மனசில் தங்குவது அதிகம்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். 1978 வாக்கில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் பாடம் நடத்துவதற்காக அவர் ஓரிங்டன் என்ற ஊரில் வாடகை வீட்டில் குடியிருந்தார். வீட்டுக்கு முன்னால் லாரிகள் பறக்கிற சாலை. பின்னால், சாலையில் அடிபட்டுச் செத்த நாய் பூனைகளை அந்த ஊர்க் குழந்தைகள் புதைத்து வைத்திருந்த சின்ன மயானம். அவருடைய மகளின் பூனை அந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தது. அதை அங்கேதான் புதைத்தார்கள். பிறகு ஒரு நாள் அவருடைய சின்ன மகன் அதே சாலையை நோக்கி ஓடினான். பிடித்துவிட்டார்கள். பிடிக்காமல் விட்டிருந்தால் என்ற அந்த ஒரு நொடியிலிருந்துதான் 'பெட் செமட்டரி' பிறந்தது. எழுதி முடித்தபோது அவருக்கே அது தாங்கவில்லை. இதை அச்சிட வேண்டாம் என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். பழைய பதிப்பகத்துடன் இருந்த ஒரு ஒப்பந்தத்தைத் தீர்க்க வேறு கைப்பிரதி இல்லாததால்தான் 1983-இல் அதை வெளியே கொடுத்தார். எழுதியவரே பயந்து பூட்டிவைத்த புத்தகம் அது. என் கணக்கில் அவருடைய நாவல்களிலேயே மிகப் பயங்கரமானது அதுதான். அதிலே பேய் என்று பார்த்தால் கொஞ்சம்தான்.

வயதான பிறகு எழுதியவற்றையும் இந்தக் கண்ணால் பார். 67 வயதில் 'ரிவைவல்' நாவலை வெளியிட்டார். செத்த பிறகு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் கையில் எடுத்து, கொஞ்சமும் இரக்கமில்லாமல் பதில் சொன்னார். முடிவை நான் சொல்லமாட்டேன். 2023-இல் வந்த 'ஹாலி'யில் கொலைகாரர்கள் ஓய்வுபெற்ற பேராசிரியத் தம்பதி. மூட்டுவலிக்கும் மறதிக்கும் பயந்து மனித மாமிசம் தின்கிற கிழவனும் கிழவியும். இருபத்தைந்து வயதில் இப்படி ஒரு ராட்சசனைக் கற்பனை செய்ய யாருக்கும் தோன்றாது. உடம்பு தன்னைக் கைவிடுவதைத் தினமும் உணர்கிறவருக்குத்தான் தோன்றும். எல்லாப் பிற்கால நாவல்களும் நன்றாக இருக்கின்றன என்று நான் சொல்லவரவில்லை. 'அண்டர் தி டோம்' ஆயிரம் பக்கம் ஓடி, முடிவில் கை தளர்ந்துவிட்டது. ஆனால் பழசையே திரும்ப எழுதி ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டை மட்டும் அவர்மேல் வைக்க முடியாது.

இனி நீ காத்திருக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். 1977-இல் கிங் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்தபோது, லண்டனில் குடியிருந்த பீட்டர் ஸ்ட்ராப் என்ற அமெரிக்க எழுத்தாளரைச் சந்தித்தார். இருவரும் நண்பர்களானார்கள், சேர்ந்து ஒரு நாவல் எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். அது நடக்கச் சில வருஷங்கள் ஆயின. கிங் மெய்னில், ஸ்ட்ராப் கனெக்டிகட்டில். இரண்டு வீட்டுக் கணினிகளையும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து எழுதினார்கள். 1984-இல் 'தி டாலிஸ்மேன்' வந்தது. பன்னிரண்டு வயது ஜாக் சாயர், புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கும் அம்மாவைக் காப்பாற்ற, இந்த உலகத்துக்கும் இன்னொரு உலகத்துக்கும் மாறி மாறி நடந்து அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகிறான்.

கிங்கின் அம்மா புற்றுநோயில் இறந்தது 1973 டிசம்பரில். அப்பா சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து இரண்டு பையன்களை வளர்த்த அம்மா. மகனின் முதல் நாவல் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. ஜாக்கின் பயணத்தை நீ மறுபடி படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள். இரண்டு பேர் எழுதிய கதைதான். எந்த வரி யாருடையது என்று நாம் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். ஆனால் அம்மாவைச் சாகவிடக்கூடாது என்ற அந்த வெறி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு ஒரு முகவரி உண்டு.

17 வருஷம் கழித்து 2001-இல் 'பிளாக் ஹவுஸ்'. ஜாக் இப்போது வேலையை விட்ட போலீஸ் துப்பறிவாளன், சிறுவயதில் தான் போய்வந்த அந்த உலகத்தையே மறந்துவிட்டவன். விஸ்கான்சினில் ஒரு சிற்றூர், அங்கே குழந்தைகளைக் கடத்திக் கொல்கிற ஒருவன். மூன்றாவது கதைக்கான யோசனையை ஸ்ட்ராப்தான் கிங்குக்கு எழுதி அனுப்பியிருந்தார். 2022 செப்டம்பரில் ஸ்ட்ராப் காலமானார்.

ஆக, நீ எதிர்பார்க்கும் நாவலில் கிங் யாருக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று யோசி. சேர்ந்து தொடங்கியதைத் தனியாக முடிக்க உட்கார்ந்திருக்கிறார். விட்டுப்போனதை எடுத்து முடிப்பது அவருக்குப் புதிதல்ல. முப்பது வயதில் தொடங்கிக் கைவிட்ட 'தி ஆன்ஸர் மேன்' என்ற கதையின் பழைய தாள்களை அவருடைய உறவினர் ஒருவர் கண்டெடுத்துக் கொடுக்க, 75 வயதில் எழுதி முடித்தார். 2024-இல் வந்த தொகுப்பில் அது இருக்கிறது. ஆனால் அது அவருடைய சொந்தக் கதை. இங்கே பதில் சொல்ல நண்பர் இல்லை. செத்துப்போனவரின் குரலைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் எந்த எழுத்தாளருக்கும் வரும். அந்தப் பயம் பக்கங்களில் எங்கே தெரிகிறது என்று பார். எனக்கு இந்த நாவலில் மிக ஆவலாக இருப்பது அதுதான்.

காத்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'டார்க் டவர்' வரிசையின் மூன்றாம் பாகம் 1991-இல் கதை நடுவே அறுந்து நின்றது. நான்காவது வர ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகும் நீண்ட இடைவெளி. சாகக்கிடந்த ஒரு பாட்டி, முடிவை மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கேட்டார். மரண தண்டனைக் கைதி ஒருவரும் அதையே கேட்டார். கிங்கால் பதில் சொல்ல முடியவில்லை. முடிவு அவருக்கே தெரியாது. 1999 ஜூன் 19 அன்று சாலையோரம் நடந்துபோனவரை ஒரு வேன் அடித்துத் தூக்கி வீசியது. ஒரு கால் ஒன்பது இடத்தில் முறிந்தது, நுரையீரல் பாதிக்கப்பட்டது. பிழைத்து எழுந்த பிறகு, முடிக்காமல் போய்விடக்கூடாது என்று மீதி மூன்று பாகங்களையும் 2003-லும் 2004-லுமாகக் கொண்டுவந்தார்.

அந்தப் பாட்டியின் ஆசையைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒன்று உண்டு: ஆசைப்படலாம், அதிகாரம் பண்ணக்கூடாது. "சீக்கிரம் எழுதித் தொலையும்" என்று இணையத்தில் ஒரு வயதான எழுத்தாளரை அதட்டுகிறவர்களோடு நீ சேராதே. வாசகனின் அன்பு எழுத்தாளரைக் கட்டிலோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதை 1987-இலேயே 'மிஸரி'யில் அவர் எழுதிவிட்டார்.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் 'டாலிஸ்மேன்'. அறுநூறு பக்கத்துக்கு மேல் வரும், அவசரப்படாதே. ஆரம்பத்து நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும். பிறகு 'பிளாக் ஹவுஸ்'. இரண்டுக்கும் நடுவில் ஸ்ட்ராப் தனியாக எழுதிய 'கோஸ்ட் ஸ்டோரி'யைக் கட்டாயம் படி. 1979-இல் வந்தது, வயதான நண்பர்கள் சிலர் கூடிப் பேய்க்கதை சொல்லிக்கொள்வதில் தொடங்கும். அவருடைய வாக்கியங்கள் கிங்கினுடையவற்றைவிட நிதானமானவை. அதைப் படித்தால்தான் புதிய நாவலில் எந்தக் குரல் இல்லாமல் போயிருக்கிறது என்பது உன் காதுக்குக் கேட்கும். முன்கூட்டியே கசிகிற கதைச்சுருக்கங்களைத் திறக்காதே. புத்தகம் கைக்கு வந்தபின் முதல் வாசிப்பில் பழைய நாவல்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போகாதே. கடைசிப் பக்கம் வரை போ. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்று தைரியமாகச் சொல். எழுத்தாளருக்கு வயதாகிவிட்டதே என்று நீ சலுகை தர வேண்டாம். இத்தனை வருஷம் உழைத்த ஒருவருக்கு அது மரியாதையும் ஆகாது.

என்னிடம் இருக்கும் 'கோஸ்ட் ஸ்டோரி'யை இந்த வாரமே கூரியரில் அனுப்புகிறேன். படித்து முடித்ததும் உனக்குத் தோன்றியதை எழுது.

அன்புடன்,
அக்கா