குண்டிக்காயும் கோடை வெயிலும்

சிறுநீரகம் என்பது பிற்காலத்து ஆக்கச்சொல். நம் முன்னோர் அதனைக் குண்டிக்காய் என்றே வழங்கினர். தமிழ் வேதாகமத்தில், பலிமுறை கூறும் லேவியராகமத்துள் குண்டிக்காய் என வருவது சங்கீதங்களில் உள்ளிந்திரியம் என வரும்; எபிரேய மூலச்சொல்லோ ஈரிடத்தும் ஒன்றே. கெட்டாலும் எளிதில் வாய்திறவாத உறுப்பிற்கு இரண்டாம் பெயரே சாலப் பொருந்துமென யாம் கருதுகின்றோம்.

இவ்வுறுப்பு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடித்து, ஒன்றரை லிட்டரளவு மாத்திரம் சிறுநீராகக் கழித்து, எஞ்சியதை இரத்தத்திற்கே மீட்டளிக்கின்றன. பாதிக்குமேல் பழுதுற்ற பின்னும் நோவு தோன்றாமையே இதன்கண் உள்ள பேரிடர்.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல் வெட்டும் நிலப்பகுதி. சிமெண்டு ஆலையும் ஆண்டுண்டு. சுண்ணாம்பு கலந்த நீரைப் பருகுவதாற்றான் கல்லடைப்பு வருகின்றதெனப் பலருஞ் சொல்லுவர். நீரின் கடினத்தன்மையினும், போதிய நீர் பருகாமையே பெருங்காரணம் என்பர் மருத்துவர். வெயிலில் உழைப்போன் வியர்வையால் நீரிழக்கின்றான். சிறுநீர் குறுகிச் செறிவுறுகின்றது. அதிற் கரைந்திருந்த உப்புக்கள் கல்லாய் உறைகின்றன. கல்லுக்கு அஞ்சிப் பாலையும் மோரையும் அறவே நீக்குதல் தவறு. உணவிலுள்ள சுண்ணச்சத்துக் குறையின், கல்லுக்குக் கருவாகும் ஆக்சலேட்டு உடலில் மிகுதியும் ஏறும்.

கல்லினுங் கொடியது ஒன்றுண்டு. இலங்கையில் அனுராதபுரத்தைச் சூழ்ந்த உழவரிடையே, நீரிழிவும் இரத்த அழுத்தமும் இன்றியே சிறுநீரகம் கெடுவது 1990-களில் அறியப்பட்டது. ஆந்திர நாட்டு உத்தானம் பகுதியிலும் அவ்வாறே. வெப்பமும் நீரின்மையும் காரணங்களுட் சிலவாக ஐயுறப்படுகின்றன. நாள் முழுதும் வெயிலில் நின்று, மாலையில் இடுப்பு நோவுக்கெனக் கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்குவோர் நம் ஊர்களிற் பலர். வறண்ட உடலில் அம்மாத்திரை சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தவோட்டத்தைக் குறைத்துவிடும்.

சோதனை அரிதன்று. சென்னை மருத்துவர் எம். கே. மணி, சிற்றூர்ப் பெண்களைப் பயிற்றி, வீடுதோறும் சிறுநீரிற் புரதமும் சர்க்கரையும், அன்றியும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செய்து, மலிவான மருந்துகளாலேயே பலரைப் பேணினார். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையார் ஆண்டிற்கொருமுறை சிறுநீரும், இரத்தத்திற் கிரியேட்டினினும் சோதித்தல் வேண்டும்.

எல்லாரும் சிறுநீரக வல்லுநரை நாடவேண்டுவதில்லை. பொது மருத்துவரே பலர்க்கும் போதும். ஆயின் கிரியேட்டினின்வழிக் கணிக்கும் வடிகட்டு திறன் 30-க்குக் கீழ் இறங்கினும், ஆண்டுதோறும் விரைந்து குறையினும், சிறுநீரிற் புரதம் மிகுதியாய் ஒழுகினும், காரணம் விளங்காது இரத்தம் காணினும், கல் அடுத்தடுத்துத் தோன்றினும், பல மருந்துக்கும் அழுத்தம் அடங்காதாயினும், தாழாது வல்லுநரிடஞ் செல்லல் வேண்டும். முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் திடீரெனக் குறையின் அன்றே செல்லுக.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சை இந்தியாவில் முதன்முதல் வெற்றியுற்றது. ஆயினும் உறுப்பீவோர் கிடைத்தல் இன்றும் அரிது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் கூலியாளன் அந்நாட்களின் கூலியை இழக்கின்றான். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பெற்றது. முதற் சோதனைக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.