மண்ணும் ஓர் அமானிதமே

ஒருவர் தம் பொருளை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போகிறார். திரும்பி வந்து அவர் கேட்கும்போது அதை அப்படியே கொடுப்பது நம் கடமை. நம் கவனக்குறைவால் அது கெட்டிருந்தால் ஈடு செய்வதும் நம் கடமையே. அமானிதத்தைப் பற்றி இந்த அளவுக்கு நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் நாம் நடக்கும் மண்ணும், குடிக்கும் நீரும், மரத்தில் அடையும் பறவையும் அமானிதமே என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? மனிதன் பூமியில் பிரதிநிதியாக ஆக்கப்பட்டவன் என்பது திருமறையின் போதனை. பிரதிநிதி பொறுப்பாளனே தவிர உரிமையாளன் அல்லன்.

இந்தப் பாடத்தைப் படிக்க நெய்வேலி நல்லதொரு பள்ளிக்கூடம்.

கெடுப்பது எளிது, ஈடு செய்வது அரிது

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அன்று முதல் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. தமிழகத்தின் விளக்குகளையும் எரித்திருக்கிறது. இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை என்ன? நிலக்கரி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். நிலக்கரிப் படுகைக்கு அடியிலோ நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. சென்னையின் தாகத்தைத் தீர்க்கவும் உதவியிருக்கிறது.

முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண் பூமி இது. அதன் மேல்மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எண்ணிலடங்காமல் வாழ்கின்றன. ஆழத்திலிருந்து வெளிவந்து மேடாகக் குவியும் மண்ணிலோ மக்கும் இல்லை, சத்தும் இல்லை. எனவே நிலக்கரி எடுத்த குழியை நிரப்பிச் சமன் செய்து, தொழுவுரம் இட்டு, பசுந்தாள் பயிர் விதைத்து மடக்கி உழுது, அதன்பின் மரக்கன்று நடுகிறார்கள். இப்படி மீட்ட நிலத்தில் இன்று மரங்கள் நிற்கின்றன. குளத்தில் பறவைகள் இறங்குகின்றன. பாராட்ட வேண்டிய உழைப்பு இது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் ஒரே நாளில் புரட்டிப் போட்ட மண்ணுக்கு மீண்டும் உயிர் வர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. நட்ட மரங்களை எண்ணிவிடலாம். ஆனால் எண்ணிக்கை மட்டும் காடு ஆகிவிடாது. புல்லும் பூச்சியும் பறவையும் ஒன்றையொன்று சார்ந்து வாழத் தொடங்கும்போதுதான் அது காடு. ஆகவே, பிறகு ஈடு செய்துவிடலாம் என்ற தைரியத்தில் அமானிதத்தைக் கெடுப்பது அறிவுடைமை ஆகாது. முதல் கடமை பாதுகாப்பது; ஈடு செய்வது அதற்கு அடுத்ததே.

பிச்சாவரம் சொல்லும் செய்தி

இதே கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமாயிற்று, அதில் கடல்நீர் தேங்கி உப்பு ஏறிற்று, புதுக்கன்று முளைக்கவில்லை. பழியோ விறகு பொறுக்கும் ஏழைகள் மேலும் மாடு மேய்ப்பவர்கள் மேலும் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி அலைநீர் வந்து போக வழி செய்ததும், கன்றுகள் பிழைத்துக் காடு திரும்பிற்று. ஊர் மக்களும் வனத்துறையுடன் சேர்ந்து உழைத்தார்கள். 2004ஆம் ஆண்டுச் சுனாமியின்போது அக்காட்டின் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது. 2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

உலகம் எடுத்த முடிவு

உலக நாடுகளும் இக்கடமையை மெல்ல உணர்ந்து வருகின்றன. 1992இல் ரியோ மாநாட்டின்போது பல்லுயிர் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அதையொட்டி நம் நாடு 2002இல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றியது. அதற்கான தேசிய ஆணையம் சென்னையில் அமைந்துள்ளது. 2010இல் ஜப்பானில் கூடிய நாடுகள் 2020க்குள் முடிக்க 20 இலக்குகளை வகுத்தன. கெடு வந்தபோது அவற்றில் ஒன்றுகூட முழுமையாக நிறைவேறியிருக்கவில்லை. சுமார் பத்து லட்சம் உயிரினங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019இல் விஞ்ஞானிகள் எச்சரித்திருந்தார்கள்.

2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் புதிய உடன்பாடு ஏற்பட்டது. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது, சீரழிந்த இடங்களில் 30 சதவீதத்தை மீட்கும் பணியில் இறங்குவது என்பவை அதன் முக்கிய அம்சங்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி நிலத்தில் 17 சதவீதத்துக்குச் சற்று மேலும், கடலில் 8 சதவீதத்துக்குச் சற்று மேலும் பாதுகாப்பில் வந்துள்ளன. பாதை நீளம், ஆனாலும் பயணம் நின்றுவிடவில்லை. 2006இல் 1,411 என்று கணிக்கப்பட்ட இந்தியப் புலிகள் 2022 கணக்கெடுப்பில் மூவாயிரத்தைத் தாண்டின.

எளியவரின் உரிமை

பாதுகாக்கப்பட்ட நிலம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. மதீனாவின் புனித எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொதுநலனுக்காக மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கி வைக்கும் 'ஹிமா' என்னும் முறையும் அக்காலத்தில் இருந்தது. உமர் (ரலி) அவர்கள் அப்படி ஒதுக்கிய நிலத்தின் காவலருக்கு இட்ட கட்டளை கவனிக்கத்தக்கது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விட வேண்டும். பெரும் மந்தை உடைய செல்வர்களுக்கு இடம் தரக்கூடாது என்பதே அது. செல்வருக்கு வேறு வழி உண்டு, ஏழைக்கு ஏது என்ற நீதி அதில் அடங்கியிருக்கிறது. இன்றைய உலக உடன்பாடும் நிலத்தைக் காக்கும்போது அங்கே வாழும் மக்களின் உரிமையை மதிக்கும்படி சொல்கிறது.

2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருக்கக்கூடாதா என்று கேட்டனர் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவாயிற்று. பணத்தால் ஈடு கட்டலாம். ஆனால் கதிர் முற்றும் நேரத்தில் உணவை மண்ணோடு மண்ணாக்கிய வேதனைக்கு எதை ஈடாக வைப்பது?

நம் வீட்டின் பங்கு

சுரங்கத்தின் மேல் பழி சொல்லிவிட்டு நாம் விலகி நிற்க முடியுமா? ஆளில்லாத அறையில் எரியும் விளக்குக்காகவும் எங்கோ மண் புரட்டப்படுகிறது. வீண்விரயத்தை மார்க்கம் தடுக்கிறது. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் இரு கை ஏந்தினால் கொள்ளும் அளவு நீரில் ஒளூச் செய்தார்கள். நாமோ குழாயை முழுவதும் திறந்து விட்டுக்கொண்டு ஒளூச் செய்கிறோம்!

ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் பள்ளிவாசல் முற்றமும் மையவாடியும் இருக்கின்றன. அங்கே நிற்கும் பழைய மரங்களைக் காப்போம். வெற்றிடத்தில் வேம்பு, புங்கன், நாவல், பூவரசு போன்ற நம் மண்ணின் மரங்களை நடுவோம். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. பறவை உண்டதையும் நன்மைக் கணக்கில் சேர்க்கும் மார்க்கத்தைப் பெற்ற நாம், பறவை தங்கும் மரத்தைக் காப்பதில் பின்தங்கலாமா?

ஒப்படைத்தவன் கேட்கும் நாள் ஒன்று உண்டு. அமானிதத்தைப் பேணியவர்களாக அந்நாளில் நிற்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.