அந்தப் பழைய துணியைப் பிடுங்காதீங்க!



"என் பழைய சேலைத் துண்டு இல்லாம பிள்ளை தூங்கவே மாட்டேங்குது. அங்கன்வாடிக்கும் அதைத் தூக்கிக்கிட்டுத்தான் போவேன்னு அழுவுது. இது கெட்ட பழக்கமா?" குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது தாய்மார்கள் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. சில பிள்ளைகளுக்குச் சேலைத் துண்டு, சிலருக்குத் தலையணை உறை, சிலருக்குக் கிழிந்த பொம்மை. "அடுப்புல போடு, ரெண்டு நாள்ல மறந்துடும்" என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு.

அப்படிச் செய்ய வேண்டாம். இது நோயல்ல, அடமும் அல்ல, உங்கள் வளர்ப்பில் குறையும் அல்ல.

ஏன் இந்தப் பிடிப்பு?

அம்மா வேறு, தான் வேறு என்று குழந்தைக்கு மெல்ல மெல்லத்தான் புரிகிறது. நாம் களை எடுக்கப் போகும்போது, அம்மா வாசம் உள்ள துணி அதற்குத் தைரியம் தருகிறது. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1951-ல் இதை விளக்கினார். அம்மா மடிக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே இந்தத் துணி ஒரு பாலம் மாதிரி.

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற அறிஞர் தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளை வைத்து ஆராய்ந்து, 1958-ல் முடிவைச் சொன்னார். கம்பியில் ஒரு பொம்மைத் தாய், மெத்தென்ற துணியில் ஒரு பொம்மைத் தாய். கம்பித் தாயிடம் பால் குடித்த குட்டிகளும் மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, அணைப்பும் வேண்டும்.

துணியை எரித்தால் அழுகை ஒருநாள் நின்றுவிடும். ஆனால் அம்மா இல்லாத நேரத்தில் பிடித்துக்கொள்ள இருந்த ஒன்றும் போய்விடும்.

நாம் செய்ய வேண்டியவை

1. துணியை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைத் துவைத்து வெயிலில் காயப்போடும்போது மற்றது பிள்ளையிடம் இருக்கட்டும்.

2. அங்கன்வாடியில் சேர்த்த புதிதில் துணியையும் கொடுத்தனுப்புங்கள். தூங்கும் நேரத்தில் கொடுக்கும்படி டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.

3. கேலி செய்யாதீர்கள், மற்றவர்களையும் செய்ய விடாதீர்கள்.

4. ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது முகத்தருகே துணி, தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். மூச்சு அடைத்துவிடும். எந்த வயதிலும் கழுத்தில் சுற்ற விடாதீர்கள். கயிறு, பட்டன் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் வளர வளரத் தானாகவே விட்டுவிடுவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பழக்கம் வரும் என்றும் இல்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை, வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை, யாரோடும் சேரவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். வீட்டில் மாமியாருக்கும் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். நமக்குக் கந்தல் துணி, பிள்ளைக்கு அது நம் மடி.