டிரிம் சிலிண்டர் ஒழுகினால்: பிரிப்பதா, மாற்றுவதா?

அவுட்போர்டு மோட்டார் பழுது பார்க்கக் கற்க வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கும் முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள். ராடின் ஓரம் எண்ணெய் கசிகிறது என்றதுமே பாதிப் பேர் செல்போனில் முழு யூனிட்டின் விலையைத் தேடுகிறார்கள். மீதிப் பேர் வீட்டில் கேட்டதைச் சொல்கிறார்கள்: "சார், பழசைப் பிரிச்சா சீசன் போயிடும்னு அப்பா சொல்றாரு. மொத்தமா மாத்திடலாம்." படகும் பணமும் அப்பாவுடையவை. அவர் பேச்சைப் பையனால் தட்ட முடியாது என்பது புரிகிறது. அவனுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம் கரையோரத்தின் சிறிய பைபர் படகுகளில் மோட்டாரைக் கையாலேயே தூக்கிவிடுவார்கள். சுற்றுலாப் படகு, டைவிங் படகு, ரோந்துப் படகு என்று பெரிய மோட்டார் மாட்டிய இடங்களில்தான் பவர் டிரிம் இருக்கும். பழைய பெரிய மோட்டார்களில் பெரும்பாலும் மூன்று ராடுகள். ஓரத்து இரண்டு குட்டை டிரிம் ராடுகள் ஓட்டத்தின்போது சாய்வைச் சரிசெய்யும். நடுவில் உள்ள நீண்ட டில்ட் ராட் மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கும். சின்ன மின் மோட்டார், பம்ப், வால்வுகள் எல்லாம் அதே உடலோடு சேர்ந்தவை.

எதைத் தேர்ந்தாலும் முதலில் கசிவு எங்கே என்று தெரிய வேண்டும். யூனிட்டைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, முகப்பவுடரைத் தூவுங்கள். ஏற்றி இறக்கினால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று பவுடரே காட்டிவிடும். வெளியே சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் மோட்டார் மட்டும் ராத்திரியில் மெல்ல இறங்குகிறதா? அப்படியானால் கசிவு உள்ளே. கையால் இறக்குவதற்கென்று வைத்த ரிலீஸ் வால்வின் ஓ-ரிங்கை முதலில் பாருங்கள். அதன் விலை டீக்காசு. அந்த டீக்காசு ஓ-ரிங்குக்காக முழு யூனிட்டையும் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டலாம். அது சில நாள் ஒப்பேற்றல், அவ்வளவே. எண்ணெய் வெளியேறும் வழியாகவே உப்புநீர் உள்ளே வரும். எண்ணெய் பால்போல் வெளுத்துவிட்டால் பம்பும் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்கள் ரப்பரை உப்பவைத்துக் கொஞ்ச காலம் ஏமாற்றும். சீலின் தேய்ந்த உதடு அதனால் வளர்ந்துவிடாது. பிரேக் ஆயிலை மட்டும் எந்த அவசரத்திலும் ஊற்றாதீர்கள், நைட்ரைல் சீல்கள் கெட்டுப்போகும். யமஹா போன்றவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது.

இனி, எல்லோரும் ஆசைப்படும் அந்த முழு யூனிட் மாற்றம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய மோட்டார் என்றால் அசல் யூனிட் கிடைப்பதே அரிது. ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைச் செய்த ஓ.எம்.சி. நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. அதன் பிறகு வேறு கைக்குப் போன எவின்ரூட் தயாரிப்பும் 2020-இல் நின்றுபோனது. ஆகவே சந்தையில் உங்களுக்குக் கிடைப்பது நகல், அல்லது உடைத்துப் போட்ட மோட்டாரிலிருந்து எடுத்த பழையது. பழையதன் சீல்களும் உங்கள் சீல்களின் வயதுதான். காசு கொடுத்து அடுத்த கசிவை வாங்கி வருகிறீர்கள். நகல்களில் நல்லவை உண்டு. பின் துளை சற்றுத் தளர்ந்தவையும், மின் மோட்டாருக்குள் முதல் மழையிலேயே நீர் புகுபவையும் உண்டு. மாட்டிப் பார்க்கும் வரை எது எப்படி என்று தெரியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து கழற்றுவதில் இருக்கிறது. யூனிட் இரண்டு கிளாம்ப் பிராக்கெட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. கீழ்ப் பின்னும் போல்ட்டுகளும் எஃகு, பிராக்கெட் அலுமினியம். இடையில் கடல்நீர் புகுந்து வெள்ளையாய் உப்புப் பூத்து, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அவசரக்காரன் சம்மட்டியை எடுப்பான். பின் வராது, பிராக்கெட்டின் காதுதான் விரியும். சிலிண்டர் கசிவாக வந்த வேலை, மோட்டாரையே படகிலிருந்து இறக்கும் வேலையாகிவிடும். பல மாடல்களில் சிலிண்டரின் மூடியைப் படகில் வைத்தே திறந்து சீல் மாற்றலாம் என்பது இந்த அவசரக்காரர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. யூனிட்டின் உடலே அரித்துத் துளை விழுந்திருந்தால் மாற்றுங்கள், மறுக்கவில்லை. அது கடைசி வழியாக இருக்கட்டும்.

நான் கை வைப்பது சீல் கிட்டில்தான். மோட்டாரைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, அடியில் மரக்கட்டையும் கொடுங்கள்; டில்ட் லாக்கை மட்டும் நம்பி யாரும் கீழே கை நீட்டக் கூடாது. ரிலீஸ் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே மூடியைத் தொடுங்கள். துளைகளுக்குச் சரியாகப் பொருந்தும் பின் ஸ்பேனர் வேண்டும். உளியால் தட்டினால் துளை சிதைந்து, பிறகு ஸ்பேனருக்கும் வேலை இருக்காது. மூடி அசையவில்லையா? ஹீட் கன்னால் வெளியுடலைச் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, நாளைக்கு வாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் குழாய் போகிறது, தீச்சுடர் வேண்டாம்.

உள்ளே பார்க்க வேண்டியது ராட். புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நம்பர் வாட்டர் பேப்பரால் ராடைச் சுற்றித் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீல் நிலைக்காது. டிரிம் ராட் எளிய வடிவம்தான், ஜே.சி.பி. சிலிண்டர் பார்க்கும் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து தருவார்கள். கிட் கிடைக்காவிட்டால் சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்துகொண்டு போனால் சீல் கடையில் பெரும்பாலும் கிடைக்கும். டில்ட் ராடின் பிஸ்டனில் மட்டும் எச்சரிக்கை. மோட்டார் மிதக்கும் கட்டையில் மோதினால் திறந்து வழிவிடும் சிறு குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் அதில் இருக்கின்றன. வரிசையைப் படமெடுக்காமல் பிரிக்காதீர்கள்.

சீலின் உதடு எண்ணெய்ப் பக்கம், வைப்பரின் உதடு வெளிப்பக்கம். இதைத் தலைகீழாகப் போடுகிறவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர், நிதானத்தில் குறைந்தவர்கள். பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கும் பையனுக்கு இந்த வேலை வராமல் போகலாம். வாயே திறக்காமல் ஓரமாய் நிற்பவன் விரல் நுனியாலேயே ராடின் கீறலைக் கண்டுபிடித்துவிடுவான். தனக்கு எது வரும் என்று அவனவன் கைதான் சொல்லும். ஒரு சிலிண்டரையாவது முழுதாகப் பிரித்துப் பூட்டாமல் அந்தப் பதில் கிடைக்காது. பெற்றோரிடம் நான் கேட்பது அதற்கான அவகாசத்தை மட்டும்தான். சீசன் தொடங்கும் வாரத்தில் அல்ல, படகு கரையேறி நிற்கும் காலத்தில் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

பூட்டியதும் ரிலீஸ் வால்வை மூடி, மோட்டாரை முழுதும் மேலே தூக்கி, லாக் போட்டு எண்ணெய் அளவைப் பாருங்கள். சில முறை ஏற்றி இறக்கி, நுரை அடங்கியதும் மறுபடி நிரப்புங்கள். பிறகு லாக்கை எடுத்து, பாதி உயரத்தில் நிறுத்தி, பிராக்கெட்டில் பென்சில் கோடு போட்டு ஓர் இரவு விடுங்கள். ராட் உலர்ந்திருந்தும் காலையில் கோடு நகர்ந்திருந்தால், திரும்ப ரிலீஸ் வால்விலிருந்து தொடங்குங்கள்.