பல் வைத்தியம்: கூடுவதும் கூடாததும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற சாரல் காலத்தில் செங்கோட்டைக்குப் போயிருந்தேன். குற்றாலத்துத் தூறல் அங்கும் விழுந்து கொண்டிருந்தது. லுஹர் தொழுகை முடிந்ததும் சகோதரர் ஒருவர் பகல் உணவுக்குத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சாப்பிட்டு எழுந்தபோது, அவருடைய மனைவி கதவுக்கு அப்பால் நின்றபடி ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜ்ரத், எனக்குக் கடைவாய்ப் பல் ரெண்டு வருஷமா சொத்தை. அடைச்சுடலாம்னு டாக்டர் சொன்னாங்க. அடைச்ச பல்லுக்குள்ளே தண்ணி போகாது, குளிப்பு நிறைவேறாது, குளிப்பு இல்லாட்டித் தொழுகையும் இல்லேன்னு சொன்னாங்க. அதனால விட்டுட்டேன். இப்ப கன்னம் வீங்கிப் போச்சு. கஞ்சியைத் தவிர ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

அவர் முடிப்பதற்குள் கணவர் இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டார். மகளுக்கு இரண்டு மாதத்தில் நிகாஹ். முன்பற்கள் வரிசை தவறி, ஒன்று முன்னே துருத்திக் கொண்டிருக்கிறது. கம்பி போடலாம் என்றால், அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது, ஹராம் என்று பெண்ணின் தாய்மாமா தடுக்கிறாராம். அராவியாவது சீக்கிரம் சரி செய்துவிடலாமா என்று பெண்கள் கேட்கிறார்களாம்.

அந்த அம்மையார் அல்லாஹ்வுக்கு அஞ்சித்தான் இரண்டு வருடம் வேதனையைத் தாங்கினார். ஆனால் அல்லாஹ் அந்த வேதனையை அவரிடம் கேட்கவில்லை. இதே ஐயம் வேறு பல வீடுகளிலும் இருப்பதால், அன்று சொன்ன விளக்கத்தையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படை என்ன?

வைத்தியம் செய்து கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்ற கருத்தில் ஹதீஸ்கள் வந்துள்ளன. வாய்ச் சுத்தத்தை அவர்கள் எந்த அளவு விரும்பினார்களென்றால், உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற இரக்கம் மட்டும் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்பார்கள்.

ஆகவே பல்லைக் காப்பது மார்க்கத்துக்குப் புறம்பான காரியமன்று. இங்கு ஒரே ஒரு அளவுகோலை மனதில் வைத்துக் கொண்டால் போதும். நோயை நீக்குவதும் குறையைச் சரி செய்வதும் ஒன்று. குறையில்லாத படைப்பை வெறும் அழகுக்காகச் சிதைத்து மாற்றுவது வேறு. முந்தியது கூடும். பிந்தியது கூடாது.

அடைத்த பல்லும் கடமையான குளிப்பும்

முதலில் வைத்தியத்தைத் தெரிந்து கொள்வோம். சொத்தை சிறிதாக இருந்தால் அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிமெண்டாலோ பல் நிறப் பசையாலோ வெள்ளிக் கலவையாலோ அடைக்கிறார்கள். சொத்தை நரம்பு வரை எட்டிவிட்டால் பல்லின் வேர்க் குழாயைச் சுத்தம் செய்து நிரப்பி, மேலே உறை போடுகிறார்கள். ரூட் கேனல், கேப் என்று நாம் சொல்வது இதைத்தான். பல்லே போய்விட்டால் இருபுறத்துப் பற்களின் துணையால் பிரிட்ஜ் கட்டுகிறார்கள். அல்லது தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக் கொள்ளச் சில மாதம் விட்டு, அதன் மேல் பல் வைக்கிறார்கள். பல பற்கள் இல்லாதவர்களுக்குக் கழற்றி மாட்டும் பல்செட்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஷாபிஈ மத்ஹபில் குளிப்பின் பர்ளு இரண்டு: நிய்யத்தும், உடலின் வெளிப்பகுதி முழுவதும் தண்ணீர் சேர்ப்பதும். வாய் கொப்பளிப்பது சுன்னத்து. எனவே ஷாபிஈகளுக்குப் பல் அடைப்பதால் குளிப்பில் சந்தேகம் வர இடமே இல்லை.

ஹனபி மத்ஹபில் பர்ளு மூன்று: வாய் கொப்பளிப்பது, மூக்கிற்குத் தண்ணீர் செலுத்துவது, உடல் முழுவதும் கழுவுவது. வாய் கொப்பளிப்பது பர்ளாக இருப்பதால்தான் அந்த அம்மையாருக்குப் பயம் வந்தது. ஆனால் ஹனபி இமாம்கள் இதை எண்ணாமல் விடவில்லை. பல்லிடுக்கிலோ குழிப் பல்லுக்குள்ளோ தங்கிய உணவு குளிப்பைத் தடுக்காது என்றும், அதன் மீதே பத்வா என்றும் 'துர்ருல் முக்தார்' சொல்கிறது. அது இறுகிக் கெட்டியாகித் தண்ணீரைத் தடுத்தால் நீக்க வேண்டும் என்ற சொல்லும் உண்டு. ஆனால் உணவுத் துணுக்கை ஒரு ஈர்க்குச்சியால் எடுத்துவிடலாம். பல்லோடு பல்லாக இறுகிய சிமெண்டையும் ஒட்டிய உறையையும் குளிப்புக்குக் குளிப்பு பெயர்க்க யாரால் முடியும்? மார்க்கத்தில் நம்மீது நெருக்கடி வைக்கப்படவில்லை என்பது திருமறை 22:78 வசனத்தின் கருத்தாகும். எனவே நிலையாகப் பொருத்தப்பட்ட அடைப்பு, உறை, பிரிட்ஜ், திருகுப் பல் ஆகியவை அந்தப் பல்லின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன என்றும், அவற்றின் மேல் தண்ணீர் பட்டால் போதும் என்றும் ஆலிம்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். பல்லில் கம்பியை ஒட்டியிருப்போருக்கும் இதுவே சட்டம். நன்றாகக் கொப்பளித்தால் போதும்.

கழற்றி மாட்டும் பல்செட் இதில் சேராது. அதைக் கழற்றுவதில் சிரமம் இல்லை. ஆகவே ஹனபிகள் கடமையான குளிப்பின்போது அதைக் கழற்றிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். ஒளூவில் வாய் கொப்பளிப்பது இரு மத்ஹபிலும் சுன்னத்து என்பதால், கழற்றாமல் செய்தாலும் ஒளூ நிறைவேறும். கழற்றிச் செய்வது சிறப்பு. இரவில் பல்செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்கவும். சுடுதண்ணீரில் போட்டால் வளைந்துவிடும்.

தங்கப் பல்

ஜாஹிலிய்யாக் காலத்தில் 'குலாப்' என்ற போரில் மூக்கை இழந்தவர் அர்பஜா (ரலி) அவர்கள். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள், அது நாற்றமெடுத்தது. அப்போது தங்கத்தில் வைத்துக் கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இது வந்துள்ளது. அறிஞர் பலர் தங்கத்தால் பல்லைக் கட்டியிருந்ததையும் இமாம் திர்மிதீ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள்.

இதை வைத்து, தேவைப்பட்டால் ஆண்களும் தங்கப் பல் வைக்கலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஹனபியில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பல்லைக் கட்ட வெள்ளியே போதும் என்றார்கள். இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் தங்கத்தையும் அனுமதித்தார்கள். ஆனால் நல்ல பல்லின் மேல் பளபளப்புக்காகத் தங்க உறை மாட்டிச் சிரிப்பது ஆண்களுக்கு ஆகாது. அது வைத்தியமன்று, ஆபரணம். அதிலும், பல் நிறத்திலேயே பீங்கான் உறைகள் கிடைக்கும் இந்நாளில் தங்கத்துக்கு என்ன தேவை?

இந்த வைத்தியம் நமக்கு அந்நியமானது என்று நினைப்போரும் உண்டு. கி.பி. 1013-இல் மறைந்த குர்துபா நகரத்து மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ, பற்காரையைச் சுரண்டும் கருவிகளைத் தம் 'தஸ்ரீப்' நூலில் படம் வரைந்து விளக்கினார். ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டுவதையும், விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கி வைப்பதையும் எழுதினார். நம் நாட்டிலும் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரபியுத்தீன் அஹ்மத் என்ற முஸ்லிமே. 1964-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த டிசம்பர் 24 இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அழகுக்காகச் செய்வது

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொண்டு, அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் சபிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்தத் தாய்மாமா மனதில் வைத்திருந்தது இதுதான். அவருடைய பேணுதலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹதீஸை முழுமையாகக் கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் பற்களுக்கிடையே சிறு சந்து இருப்பது இளமையின் அடையாளமாக எண்ணப்பட்டது. வயதான பெண்கள் இளமையாகத் தோன்ற, நல்ல பற்களை அராவிக் கொண்டார்கள். ஏமாற்றும் படைப்பை மாற்றுதலும் அதில் இருந்தன. 'அழகுக்காக' என்ற சொல்லைச் சுட்டிக் காட்டி, வைத்தியத்துக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள்.

இந்த விளக்கப்படி ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

கம்பி போடுவது: வரிசை தவறிய பல்லில் உணவு சிக்கும், ஈறு கெடும், மெல்லுவது தடைப்படும். இது குறை. அதைச் சரி செய்வது கூடும். ஆனால் இதற்குப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். நிகாஹுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கி முடிகிற காரியமன்று.

கறை எடுப்பது: பற்காரையையும் வெற்றிலைக் கறையையும் நீக்குவது சுத்தத்தைச் சேர்ந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தண்ணீரிலுள்ள புளோரைடு மிகுதியால் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிப் போவதுண்டு. அந்தக் குறையைப் போக்குவதும் கூடும். ஆனால் கிளீனிங் செய்துவிட்டு வெளியே வந்ததும் வெற்றிலையும் பாக்கும் வாங்குவோரை என்னவென்பது! பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது.

மருந்து வைத்து வெளுப்பாக்குவது: பல்லை வெட்டாமல் நிறத்தை மட்டும் தெளிவாக்குவதால் இதை அனுமதிப்பர். ஆயினும் அந்த வெண்மை நிலைப்பதில்லை. சிலருக்குப் பல் கூச்சமும் வரும். வீண் விரயமாகாமல் பார்த்துக் கொள்க.

மேலோடு ஒட்டுவது: வெனீர் எனப்படும் மெல்லிய பீங்கான் ஓட்டை ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பல்லின் மேற்பூச்சைச் சீவ வேண்டியிருக்கும். சீவிய பூச்சு மீண்டும் வளராது. உடைந்த பல்லுக்கும் கறுத்த பல்லுக்கும் இது வைத்தியம். குறையே இல்லாத பற்களைச் சினிமாக்காரர் சிரிப்புக்காகச் சீவுவதோ, ஹதீஸ் எச்சரித்த காரியத்தை நெருங்கிவிடுகிறது. உடல் நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

கவனிக்க வேண்டிய மற்றவை

நோன்பில் பல் பிடுங்குவதாலோ அடைப்பதாலோ மட்டும் நோன்பு முறியாது. ஈறில் போடும் மரத்துப் போகும் ஊசியாலும் முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. தண்ணீரோ மருந்தோ இரத்தமோ தொண்டைக்குள் இறங்கினால் ஆபத்து. எனவே பொறுக்கக் கூடியதை நோன்பு திறந்த பின்போ பெருநாளுக்குப் பின்போ வைத்துக் கொள்க. வீக்கமும் காய்ச்சலும் கண்டுவிட்டால் காத்திருக்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம்.

பல் பிடுங்கிய அன்று எச்சிலில் இரத்தம் சரிபாதியாகவோ மிகுதியாகவோ இருந்தால் ஹனபியில் ஒளூ முறியும், ஷாபிஈயில் முறியாது. இரத்தம் நஜீஸ் என்பதால் எவராயினும் வாயைச் சுத்தம் செய்து கொண்டே தொழ வேண்டும். ஆனால் பிடுங்கிய இடத்தில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடாமல் மெதுவாகக் கொப்பளிக்கவும்.

திருகுப் பல் வைக்கும்போதும் ஈறு அறுவை செய்யும்போதும் சிலருக்கு எலும்புத் தூள் வைக்க நேரிடும். அது செயற்கையாகவும் இருக்கும், மாட்டெலும்பாகவும் இருக்கும், பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். எது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பெண்கள் கூடிய வரை பெண் டாக்டரிடமே காட்டவும். கிடைக்காதபோது மஹ்ரமானவருடன் சென்று, தேவையான அளவு முகத்தைத் திறந்து வைத்தியம் செய்து கொள்ளலாம்.

மய்யித்தின் வாயிலிருக்கும் கழற்றக் கூடிய பல்செட்டை எடுத்துவிடலாம். பொருத்தப்பட்ட பல்லை, தங்கமாயினும், மய்யித்தைச் சிதைத்துப் பிடுங்கக் கூடாது.

முடிவாக

செங்கோட்டை வீட்டார் மறுவாரமே டாக்டரிடம் போனார்கள். இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கலாம்; இனிப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பல் போய், இப்போது அவ்விடத்தில் பிரிட்ஜ் கட்டியிருக்கிறது. மகளின் நிகாஹ் துருத்திய பல்லோடேயே சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நிதானமாகக் கம்பி போட்டுக் கொள்ள மாமாவும் சம்மதித்துவிட்டார், அல்ஹம்து லில்லாஹ்.

ஒரு கேள்வியை உரிய நேரத்தில் ஓர் ஆலிமிடம் கேட்டிருந்தால் ஒரு பல் பிழைத்திருக்கும். தெரியாததைக் கேட்டறிவதும் இபாதத்தே.

நோயில் பொறுமையையும், வைத்தியத்தில் ஹலாலையும், அழகில் அளவையும் பேணி வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.