எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் செய்யப்போகும் தம்பிக்கு



அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ வேலை பார்க்கும் பட்டறைக்கு ரைஃபிள் உதிரிபாக ஆர்டர் வந்திருப்பதும், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கை உன் பொறுப்பில் விட்டிருப்பதும் படித்து மனம் நிறைந்தது. கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய்: சில துப்பாக்கிகளில் வெற்றுக்கூடு சரியாக வெளியே வருவதில்லை, கம்பியைக் கொஞ்சம் தடிமனாக்கினால் தீர்ந்துவிடும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

தோட்டா வெடித்ததும் வாயு அழுத்தம் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி வெற்றுக்கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. எஜெக்டர் அதை வெளியே தட்டிவிடுகிறது. பிறகு ரீகாயில் ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் அனுப்ப, அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் சுடும் ரைஃபிளில் இத்தனையும் பத்தில் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும்.

இதில் உன் ஸ்பிரிங் இருமுறை வேலை செய்கிறது. கூட்டை இழுக்கும்போது கொக்கி நழுவாமல் அழுத்திப் பிடிக்கிறது. புதுத் தோட்டா உள்ளே போகும்போது கொக்கி விளிம்பின் மேல் ஏறி விழுவதற்கு விட்டுக்கொடுக்கிறது. நீ விறைப்பைக் கூட்டினால் முதல் வேலை நன்றாக நடக்கும், இரண்டாவது கெடும். கொக்கி ஏறுவதற்கான விசை போல்ட்டின் முன்னோட்டத்திலிருந்துதான் வரவேண்டும். புழுதியும் குளிரும் சேர்ந்த நாளில் அந்த ஓட்டம் ஏற்கெனவே மந்தமாகியிருக்கும். போல்ட் முழுதாகப் பூட்டாமல் நின்றுவிடும். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது உனக்குத் தெரியும். சுருளின் அளவும் சுற்றுகளும் மாறாதிருக்க, விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். அதே குழிக்குள் தடித்த கம்பி உட்கார்ந்தால், முழுதாக அமுங்கும்போது சுற்றோடு சுற்று முட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

கூடு, தோட்டா வெடிக்கும் அறையில் சிக்குவதற்கு ஸ்பிரிங் காரணமாகவே இல்லாமல் இருக்கலாம். வியட்நாம் போரில் எம்16 ரைஃபிளுக்கு நடந்ததைப் படி. தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள். சுடும் வேகம் கூடியது, கரியும் அதிகம் படிந்தது. அறைக்கு குரோம் பூச்சு இல்லை. வீரர்கள் பலருக்குச் சுத்தம் செய்யும் சாமான்கூடக் கொடுக்கவில்லை. கூடுகள் அறையிலேயே ஒட்டிக்கொண்டன. துப்பாக்கி நின்றுபோய்ப் பிள்ளைகள் செத்தார்கள். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. அறைக்கு குரோம் பூசி, போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபரை மாற்றி, சுத்தம் செய்யும் சாமானும் பயிற்சியும் கொடுத்த பிறகுதான் நிலைமை சீரானது.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. புனேயின் ஏஆர்டிஇ என்ற ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த இன்சாஸ் ரைஃபிள் 1999 கார்கில் போரில் மலையேறியபோது, உறைகுளிரில் அதன் பாலிமர் மேகசின்கள் விரிசல் விட்டன. மேகசின் கெட்டால் தோட்டா சரியாக எழும்பாது. கையில் பிடித்திருப்பவனுக்குத் துப்பாக்கி ‘ஜாம்’ ஆனதாகத்தான் தெரியும். போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கோளாறு தீர்ந்திருக்காது.

ஆகவே ‘கூடு வரவில்லை’ என்று புகார் வந்தால் கேள்விகளோடு தொடங்கு. எந்த லாட் தோட்டா? எத்தனை சுற்றுக்குப் பிறகு? கூட்டின் விளிம்பு கிழிந்திருக்கிறதா, அல்லது முழுசாக இருக்கிறதா? கிழிந்திருந்தால் கொக்கி பிடித்திருக்கிறது, கூடுதான் அறையை விட்டு வரவில்லை என்று பொருள்; தேட வேண்டிய இடம் அறையும் தோட்டாவும். விளிம்பு முழுசாக இருந்தால் கொக்கி நழுவியிருக்கக்கூடும். அப்போது உன் ஸ்பிரிங்கையும் கொக்கி முனையையும் பார். பார்த்த பிறகும் கம்பியைத் தொடாதே. டிராயிங்குக்குச் சொந்தக்காரர்களுக்கு எழுது. மாற்றம் அவர்கள் கையெழுத்தோடு வரட்டும், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாறட்டும்.

உன் கைக்குள் இருக்கும் வேலையே நிறைய இருக்கிறது, தம்பி. எனக்கு அதிகம் கவலை தருவது பிளேட்டிங்தான். அமிலத்தில் கழுவும்போதும் மின்பூச்சு ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். பூச்சு முடிந்த 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பல மணி நேரம் பேக் செய்யாவிட்டால், சோதனையில் தேறிய ஸ்பிரிங் பிறகு சுமையில் இருக்கும்போது சும்மா முறியும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய லாட் சனிக்கிழமை மாலை பூச்சு முடிந்து, திங்கள் காலைவரை டிரேயில் கிடந்தால் என்ன ஆகும்? டைமென்ஷன் ரிப்போர்ட்டில் எதுவும் தெரியாது. பூச்சு முடிந்த நேரமும் அடுப்பில் ஏறிய நேரமும் எழுதிய தாள் இல்லாமல் லாட்டை வாங்காதே. அந்த விஷயத்தில் யாரிடமும் முகதாட்சண்யம் பார்க்காதே.

ப்ரீசெட்டையும் அப்படியே கவனி. முழுதாக அமுக்கி விட்ட பிறகுதான் நீளத்தை அள. உயரத்தை மட்டும் பார்த்து விடாமல், குறித்த உயரத்தில் சுமை எவ்வளவு என்று பார். கிரைண்டிங் செய்த முனையில் பர் என்ற பிசிறு இருந்தால் குழியைச் சுரண்டும். விரலால் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் லென்ஸ் வைத்துப் பார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வருகின்றன. அவற்றைச் செய்யவும், பழுது பார்க்கவும், சோதிக்கவும் உரிமம் வேண்டும். ஒரு சாம்பிளைக்கூடச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வராதே. சுட்டுப் பார்ப்பது உரிமம் உள்ளவர்களின் வேலை. அவர்கள் ரேஞ்சில் எழுதும் முடிவை நீ கேட்டு வாங்கிப் படி.

தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கியதிலிருந்து உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு இந்த வேலை வருவது எனக்கு மகிழ்ச்சி. 1961-இலிருந்து ஆவடியில் டேங்க் தொழிற்சாலை இருப்பதால், கேஜை மதிக்கத் தெரிந்த கைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. ஓய்வு பெற்றவர்களைத் தேடிப் போய்க் கேள்.

களத்திலிருந்து முறிந்த ஸ்பிரிங் ஏதாவது திரும்பி வந்தால் அதைத் துடைக்காதே, இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்க்காதே. முறிமுகம் உரசினால் தடயம் போய்விடும். தனித்தனி உறையில் போட்டு, லாட் எண் எழுதி வை. உன் மேலாளர் சம்மதித்தால் என் மைக்ரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வருகிறேன்.

அன்புடன்,
ஸ்பிரிங் வேலையில் உனக்கு மூத்தவன்